யார் நிறுத்தச் சொன்னது?

ஃபாபியான் டைரக்டராக வந்த முதல் வாரமே, மோன்தெர்ரேயில் இருந்த அந்த இரும்புத் தொட்டிப் பட்டறையில் இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று, யாரும் யாரையும் 'நீங்க' என்று சொல்லக் கூடாது. இரண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டால் 'மாந்தே' என்று குரல் கொடுக்கக் கூடாது. 'உத்தரவிடுங்கள்' என்று பொருள் வரும் அந்தச் சொல்லை மெக்சிகோவில் பிள்ளைகள் பேசத் தொடங்கும்போதே பழக்கிவிடுகிறார்கள். "இங்க யாரும் யாருக்கும் உத்தரவு போடறதில்ல" என்று அவர் உத்தரவு போட்டார். ஃபோர்மேன் லிப்ராதோ பாவம், 'நீ' என்று சொல்ல வாய் வராமல், 'நீங்க' என்று சொல்லவும் முடியாமல், "சாப்பாடு ஆச்சா? வீட்ல சௌக்கியமா?" என்று மொட்டையாகவே பேசிக் காலத்தை ஓட்டினார்.

முன்பிருந்த டைரக்டர் கான்தூ வேறு ரகம். வாயைத் திறந்தால் வசவு. தரம் பார்க்கும் இன்ஜினியர் நோயேமியை எல்லார் முன்னாலும் கழுதை என்று திட்டியிருக்கிறார். ஆனால் வெல்டில் சந்தேகம் என்று காதில் விழுந்தால் போதும், கத்திக்கொண்டே வேலையை நிறுத்திவிடுவார். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவரே. அந்த மனிதர் ஓய்வு பெற்றபோது நோயேமி அழவெல்லாம் இல்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

இன்று காலை அவள் ஒன்றைப் பார்த்துவிட்டாள். தொட்டியைக் கிரேனில் தூக்குவதற்காக அதன் தலையில் வெல்டு செய்திருந்த இரும்புக் காதின் அடியில், முடியளவு ஒரு கறுப்புக் கோடு. கீறலாக இருக்கலாம். விரிசலாகவும் இருக்கலாம். கருவி வைத்துப் பார்க்க அரை நாள் ஆகும். லாரியோ வாசலில் நிற்கிறது. தொட்டியைத் தூக்கியதும் லிப்ராதோவின் ஆட்கள் நாலு பேர் அடியில் நுழைந்து அதன் இரும்புக் கால்களை போல்ட் போட்டு முடுக்க வேண்டும்.

காலைக் கூட்டத்தில் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். "யாருக்காவது ஏதாவது உறுத்துதா? பயப்படாம சொல்லு. இங்க யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார் ஃபாபியான். அவர் நிஜமாகவே கோபித்துக்கொள்வதில்லை, அதுதான் அவளுக்குப் பயம். போன வருடம் இங்கே வெல்டராக இருந்த அமாதோர் இப்படித்தான் மனசு திறந்து பேசினான். தோளில் தட்டிப் பாராட்டினார்கள். அடுத்த மாதம் சால்தீயோ ஊர்க் கிடங்கில் போல்ட் எண்ணப் போய்விட்டான். நோயேமி கையிலிருந்த நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம். இது டீமோட முடிவு!"

கூட்டம் கலைந்ததும் தனியாகச் சொல்லிவிடலாம் என்று மாடிக்குப் போனாள். எல்லாரும் தாராளமாக வரட்டும் என்று தன் அறைக் கதவையே கழற்றிவிட்டிருந்தார் ஃபாபியான். உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார், நின்றுகொண்டு.

"மாந்தே, தோன் ரொகேலியோ... இன்னிக்கே லாரி போயிடும்ங்க ஐயா... இல்லீங்க, எந்தப் பிரச்சினையும் இல்லீங்க... மாந்தே?"

முதலாளியின் கத்தல் வாசல்வரை கேட்டது. ஃபாபியானின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நோயேமிக்கு இரக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்தக் கட்டடத்தில் 'நிறுத்து' என்று சொல்ல ஒருவரும் இல்லை.

போனை வைத்ததும் அவர் முகத்தில் சிரிப்பு திரும்பி வந்தது. அவள் கோட்டைப் பற்றிச் சொன்னாள்.

"பிரமாதம், நோயே! இப்படி ஒரு ஆள்தான் வேணும். சரி, நீ என்ன முடிவு பண்ணே?"

"நானா? நீங்க... நீ சொன்னா நிறுத்திடலாம்."

"நான் எதுக்குச் சொல்லணும்? உன் மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு."

கீழே கிரேனின் மணி அலறத் தொடங்கியது.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. தொட்டி தரையை விட்டு எழும்பியிருந்தது. நாலு பேரில் இரண்டு பேர் குனிந்து உள்ளே போய்விட்டார்கள்.

"லிப்ராதோ!"

"மாந்தே, இன்ஜினியரம்மா!" கிழவருக்குப் பழக்கம் விடவில்லை.

"ஆளுங்கள வெளிய வரச் சொல்லுங்க! இறக்குங்க!"

லிப்ராதோ உடனே விசிலடித்து ஆட்களை வெளியே இழுத்தார். கை காட்டித் தொட்டியையும் இறக்கினார். பிறகுதான் அவளிடம் வந்தார். "லாரிக்காரன் கத்துவான். யார் நிறுத்தச் சொன்னதுன்னு கேப்பாங்க. டைரக்டரா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஃபாபியான் மாடிப்படியில் நின்றிருந்தார். ஆமென்றும் தலையாட்டவில்லை, இல்லையென்றும் ஆட்டவில்லை.

"நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

உடனே மேலிருந்து கைதட்டல். "எல்லாரும் கேளுங்க! இது முழுக்க முழுக்க நோயேமியோட முடிவு! நான் ஒரு வார்த்தை சொல்லல. கைதட்டுங்க!"

எல்லாரும் தட்டினார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. லிப்ராதோ மட்டும் கையைத் தொப்பியிலேயே வைத்திருந்தார். "நல்லா மாட்டி விட்டுட்டாரும்மா" என்றார் மெதுவாக.

அவளுக்கும் புரிந்தது. விரிசல் இருந்தால் நாலு உயிர் தப்பியது என்று ஆகும். வெறும் கீறல் என்றால், லாரியைத் திருப்பி அனுப்பியவள் அவள் ஒருத்திதான்.

கருவியை எடுத்து வந்து தொட்டியின் மேல் ஏறினாள். கருவி இரும்பில் படிவதற்கான பசையைக் கறுப்புக் கோட்டின் மேல் தடவினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் அவள் கருவியை வைப்பாள். இன்று இரும்பின் மேல் அதை அழுத்திப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"குவாதலூபே மாதாவே, விரிசலாவே இருக்கட்டும்."