பொன்னிக்குக் களி

நாகலட்சுமி அத்தை அடுப்படி வாசலில் கையைக் குறுக்கே நீட்டி மறித்துக்கொண்டாள்.

"பொணம் நடுவீட்டுல கெடக்குடி! இப்ப அடுப்புல கை வச்சே, நான் மனுசியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

சுந்தரியின் கையில் கேழ்வரகு மாவு டப்பா. அவள் அம்மா தாயம்மாள் விடிகிற நேரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டாள். யாருக்கும் தொந்தரவு கொடுக்கிற பழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது. ஆனால் பொன்னிக்குக் களி கிண்டாமல் ஒரு காலைகூட அவள் இருந்ததில்லை.

பொன்னி ஒரு கிழட்டுக் கரடி. டாலிகஞ்ச் தாண்டி, சர்க்கஸ்காரர்கள் கைவிட்ட மிருகங்களை வைத்துப் பார்க்கிற காப்பகத்தில் இருந்தது. சுந்தரியின் அப்பா மூக்கையாதான் அதற்கு எல்லாம். கூண்டுக்குப் பின்னாலேயே குடியிருப்பு. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து சுவரில் முட்டிக்கொண்டு திரிந்த பொன்னிக்கு, போன வாரம் கண் டாக்டர் ஒருவர் வந்து வலது கண்ணில் ஆபரேஷன் செய்துவிட்டுப் போனார். ஒரு வேளை சொட்டு மருந்து தப்பினாலும் சீழ் வைத்துக் கண்ணே போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னார். கரடி கண்ணில் மருந்து விடுவது என்ன லேசுப்பட்ட காரியமா? தாயம்மாளின் வெல்லக் களியை நக்கும்போது மட்டும்தான் அது தலையை ஆட்டாது.

தாயம்மாளுக்கும் புரைதான்.

"உங்களுக்கும் பண்ணிடலாம் மாஷிமா" என்று அந்த வங்காளி டாக்டர் கூப்பிட்டார்.

"மொதல்ல பொன்னிக்குக் கண்ணு தெரியட்டும். தெரிஞ்சிருச்சுன்னா நானும் கத்திக்கு வாரேன்" என்று சிரித்து மழுப்பிவிட்டாள். அத்தனையும் பயம். நேற்றுப் படுக்கும்போதுகூட, "பொன்னி எதையாச்சும் பாத்தாளாடி?" என்று கேட்டாள். இல்லையென்று சொல்லத்தான் சுந்தரியால் முடிந்தது.

சாவுத் தீட்டோடு அடுத்த வீட்டு அடுப்பைத் தொடக்கூடாது என்று அத்தை சொன்னதால், பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் தாரா மாஷிதான் மாவை வாங்கிப்போய்க் கிண்டிக் கொண்டுவந்தாள். பாவம், நல்ல மனசு. ஆனால் கட்டி தட்டிப் போயிருந்தது, போதாக்குறைக்குக் கடுகெண்ணெய் வேறு. பொன்னி மோந்து பார்த்துவிட்டு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

"ஒரு நாள் மருந்து விடலேன்னா கரடி செத்தா போயிரும்?" என்றாள் அத்தை, மறுபடியும் அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு.

தாயம்மாளின் தலைமாட்டில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த மூக்கையா நிமிர்ந்தார்.

"மூட்டு தாயி."

"அண்ணே!"

"அவ இருந்தா மூட்டியிருப்பா."

அத்தையின் கை தானாகக் கீழே இறங்கியது. கரியடுப்பின் புகை நடுவீட்டுக்குள் போனது. வந்திருந்தவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள், பேசட்டும். வெல்லம் உருகி மணம் எழுந்தபோதுதான் சுந்தரிக்கு அழுகை வந்தது. ஐயோ அம்மா, இன்னும் ரெண்டு நாள் இருந்திருக்கக் கூடாதா என்று விசும்பிக்கொண்டே கிண்டினாள்.

களியை அவள் கையாலேயே அள்ளிக் கம்பிக்கு இடையில் நீட்ட, பொன்னி மணத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து நக்கியது. மூக்கையா மருந்து விட்டார். சொட்டு சரியாக விழுந்தது.

களி தீர்ந்ததும் பொன்னி வழக்கம்போலக் கம்பியை மோந்து தேடவில்லை. தலையைத் தூக்கி நின்றது. சுந்தரி வெறுங்கையைச் சத்தமில்லாமல் இடப்பக்கம் நகர்த்தினாள். அதன் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. வலப்பக்கம் கொண்டுபோனாள், அங்கேயும் வந்தது. மூக்கையா பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டில் வாய்க்கரிசி போட ஆரம்பித்திருந்தார்கள்.

"கையைக் கழுவிட்டு வாடி" என்றாள் அத்தை.

சுந்தரி கழுவவில்லை. அப்படியே அரிசியை அள்ளி அம்மா வாயில் போட்டு, காதருகே குனிந்தாள்.

"பாத்துட்டாம்மா."

எழுந்தபோது தாயம்மாளின் உதட்டில் துளிக் களி ஒட்டியிருந்தது. அத்தை முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டாள்.