முப்பூட்டாளும் ஒற்றைச் செருப்பும்

இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குச் சாப்பாட்டு மேஜையில்தான் தெரியவந்தது. சொன்னது பெற்ற மகள். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னதால் அவளை மன்னித்துவிடலாம்.

"அம்மா, இதக் கேளேன். முப்பூட்டாள்னு ஒரு தேவி. உலகத்தோட ஒன்பது வாசலையும் பூட்டுறதுதான் அவ வேலை. பூட்டிட்டு நாலு அடி நடப்பா. திரும்பி வந்து இழுத்துப் பாப்பா. மறுபடி நடப்பா, மறுபடி வருவா. அவ மூணாவது தடவை இழுத்துப் பாத்தாதான் சூரியனே நகர முடியும். அதனாலதான் அந்த நாட்டுல எல்லாருமே வேலைக்கு லேட்."

பதினைந்து வயசுக்காரி, சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எதிரே இருந்த அப்பா சிரிக்கவில்லை. தட்டில் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்துகொண்டார்.

இந்தக் கூத்தின் மூலம் ஒரு கார்ட்டூன் தொடர். ஒன்பது வாசல் நாட்டைத் தேடிப் போகும் ஒரு வீரனின் கதை. அவன் முதல் வாசலுக்கு வந்து, கதவைத் தட்டக் கையை ஓங்கிய இடத்தில், எடுத்துக்கொண்டிருந்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். ஆறு வருஷமாக அவன் ஓங்கிய கையோடு நிற்கிறான். கை வலிக்குமே என்று ரசிகர்களுக்குத்தான் மனசு கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இணையத்தில் ஒரு பக்கம் திறந்து அவர்களே எழுத ஆரம்பித்தார்கள். அதற்குப் பெயர் பெரும் ஏடு. படிக்கிறவர்களும் எழுதுகிறவர்களுமாக இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், ஆளாளுக்கு ஒரு புனைபெயர். கடல்கள், கடவுள்கள், பங்காளிச் சண்டைகள் எல்லாம் வந்துவிட்டன. ஒரு கிழட்டு ஆமைக்கு மட்டும் நாற்பது பக்கம் இருக்கிறது.

"இன்னொண்ணு கேளு. அந்தத் தேவி சுத்தம் பண்றேன்னு புருஷனோட புதுச் செருப்புல ஒண்ணைத் தொலைச்சிட்டா. இன்னிக்கு வரைக்கும் சரியா பதில் சொல்லல. அதனால அவர் ஒத்தைக் கால்லயே நிக்கிறார். பொறுமையா, மலை மாதிரி."

அவள் கை தட்டிலேயே நின்றது. செருப்பு விஷயம் இந்த வீட்டுச் சுவரைத் தாண்டியதே இல்லை.

"யாரு எழுதினதாம்?"

"மலைத்தோள்னு ஒருத்தர். அவரே கதைக்குள்ள தெய்வமா வந்துட்டார். தோளுக்கு ஒரு மலை வீதம் ரெண்டு மலையத் தூக்கிட்டு நிப்பாராம்."

அவள் கணவரின் தோளைப் பார்த்தாள். போன வருஷத்திலிருந்து இடது கை காதுக்கு மேல் போகாது. சட்டையைக் கழற்ற இவள்தான் பின்னால் நின்று இழுத்துவிட வேண்டும். தினமும் சாயங்காலம் பால்கனியில் ஒரு மணி நேரம் போனைத் தட்டிக்கொண்டிருப்பாரே, கேட்டால் ஆபீஸ் சுற்றறிக்கை என்பாரே, அந்தச் சுற்றறிக்கையின் லட்சணம் இப்போது விளங்கியது.

சண்டை போட்டிருக்கலாம். மகள் எதிரில் வேண்டாம் என்று பார்த்தாள். மறுநாள் அவளுக்கு மட்டும் விடுமுறை. அவரும் மகளும் கிளம்பிப் போனதும், வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திப் போனை எடுத்தாள். அந்தப் பக்கம் புனைபெயர் கேட்டது. கையில் இருந்ததைப் பார்த்து 'துடைப்பம்' என்று போட்டாள். முப்பூட்டாள் கதையை உடனே அடித்து நீக்கிவிடுங்கள் என்று ஏட்டைக் காப்பவருக்கு எழுதினாள்.

காப்பவர் பெயர் எருமைக்கொம்பு. நிஜத்தில் எங்கோ கணக்கு வாத்தியாராம். பதில் வாத்தியார் பாணியிலேயே வந்தது: "அன்புள்ள துடைப்பம் அவர்களுக்கு, ஏட்டில் ஏறியதை அடிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பிடிக்காவிட்டால் காரணம் சேர்க்கலாம். சேர்க்கும் காரணம் சாம்பல் நிறத்தில் நிற்கும். அந்தக் கதையை முதலில் எழுதியவர் ஏழு நாளுக்குள் 'ஆம், இது நடந்தது' என்று எழுதினால் கறுப்பாகும். எழுதாவிட்டால் தானாக அழியும். படைத்தவரே ஒப்பாத காரணத்தை நாம் ஏற்பதில்லை."

நல்ல சட்டம்தான் என்று அவளுக்குப் பட்டது. காரணத்துக்கா பஞ்சம்?

முப்பூட்டாள், புருஷன் மடித்து வைத்த துண்டுகளைப் பிரித்து மறுபடி மடிப்பாள் என்று ஒரு கதை இருந்தது. அவள் கீழே சேர்த்தாள்: "மலைத்தோள் மடித்தது துண்டா, பந்தா என்று ஒன்பது நாட்டு அறிஞர்களும் இன்னும் விவாதிக்கிறார்கள்." மூன்று மணி நேரத்தில் பதில்: "ஆம், இது நடந்தது." தேவியின் குறட்டையில் வாசல்கள் ஆடும் என்று இன்னொன்று. "குறட்டை மலைத்தோளுடையது. மலையில் பட்டுத் திரும்பியதால் ஆள் மாறிப்போனது." இதற்கு இரண்டு நாள் ஆனது. நடுவில் ஒரு நாள் சாப்பிடும்போது அவர் திடீரென்று, "நான் குறட்டை விடுறேனா?" என்றார். அம்மாவும் மகளும் ஒரே குரலில், "விடுறீங்க" என்றார்கள். அன்றே கறுப்பாகிவிட்டது.

ஏட்டுக்காரர்கள் துடைப்பத்தைக் கொண்டாடினார்கள். அவளுக்கும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், தலைகால் புரியவில்லை.

அவள் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். குழாயில் ஒட்டிய பெயரை அங்கே மூன்று முறை பார்ப்பது சட்டம். ரத்தம் வந்ததும் ஒரு முறை, சுழற்றும் மெஷினில் வைக்கும் முன் ஒரு முறை, முடிவில் கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை. பன்னிரண்டு வருஷத்தில் ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போனதில்லை. அதற்காக அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். வீட்டில்தான் அந்தக் குணத்துக்குச் சிரிப்பு.

விளையாட்டு வினையானது அடுத்த வாரம். அன்று காலை பூட்டிவிட்டு, படியில் நாலு அடி இறங்கி, மூன்றாம் முறை இழுத்துப் பார்க்கத் திரும்பினாள். கணவர் மேல்மாடிக்காரரிடம், "பூட்டியாச்சுன்னு பூட்டுக்கே தெரியும் சார். இவளுக்குத்தான் தெரியாது" என்றார். மேல்மாடிக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பஸ்ஸில் உட்கார்ந்து ஏட்டைத் திறந்தால், மலைத்தோள் முந்தின நாள் சாயங்காலம் புதிதாக எழுதியிருந்தார்: "முப்பூட்டாளின் பயத்துக்குக் காரணமே கிடையாது. அது அவள் பிறவிக் குணம்." கீழே தொள்ளாயிரம் சிரிப்பு முகங்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ இடைவேளையில் டீ குடிக்கவில்லை. சுழலும் மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரே மூச்சில் எழுதினாள்.

"காரணம் உண்டு. ஒரு காலையில் மலைத்தோள் வேலைக்கு பூட்ஸை மாட்டிக்கொண்டு அரக்கப் பரக்கக் கிளம்பினார். கதவைச் சாத்தவில்லை. தேவி குளித்துக்கொண்டிருந்தாள். நாலு வயதுக் குழந்தை, அப்பா புதுச் செருப்பை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தது. கொடுத்துவிட்டு வரலாம் என்று அதைத் தன் காலில் மாட்டிக்கொண்டு கிளம்பியது. இரண்டு தெரு போனது. பெரிய சாலையைக் கடக்கும்போது ஒரு செருப்பு கழன்றுவிட்டது. எதிர்ப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், அதை எடுக்க மறுபடி சாலையில் இறங்கப் போனது. ஒரு பஸ் டிரைவர் குதித்து இறங்கிப் பிடித்துக்கொண்டார். தேவி ஈரத் தலையோடு ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். செருப்பை எடுக்கவில்லை. அதன் மேல் லாரி ஏறியிருந்தது. அன்றிலிருந்து மூன்று முறை. யாரிடமும் சொல்லவில்லை."

அனுப்பிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. பதினோரு வருஷமாகக் கட்டிக் காத்ததை ஒரு டீ நேரத்தில் அவிழ்த்துவிட்டாளே.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கிணற்றுக்குள், லிஃப்ட் கூண்டின் தலையில் நின்று வேலை செய்கிறவர். குழந்தையை எறும்பு கடித்தாலே ராத்திரியெல்லாம் விழித்திருப்பவர். இதைக் கேட்டுவிட்டு மறுநாள் அங்கே ஏறி நின்றால் கை நடுங்காதா? அதனால் அன்று சொல்லவில்லை. செருப்பைத் தேடினபோது, சுத்தம் பண்ணும்போது எங்கேயோ போச்சு என்றாள். அப்புறம் சொல்லலாம் என்று வைத்தது, அப்படியே பழகிவிட்டது.

இப்போது சாம்பல் நிறத்தில் ஏழு நாள் நிற்கும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அழிந்துபோகும். அழிந்தால் இன்னொரு முறை அதைச் சொல்ல அவளுக்குத் தெம்பு கிடையாது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஏடு அமளிப்பட்டது. ஒற்றைச் செருப்பு தேய்பிறையைக் குறிக்கிறது என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் அது ஆன்மா என்று மூன்று பக்கம் நிரூபித்தார். ஒன்பது வாசல் நாட்டில் லாரி ஏது என்று ஒரு கோஷ்டி சண்டைக்கு வந்தது. அடிக்கத்தான் வழியில்லையே, 'லாரி என்பது இரும்பு யானையின் பழைய பெயர்' என்று யாரோ காரணம் சேர்த்தார்கள். எழுதியவள் துடைப்பம் என்பதால் ஒப்புதல் அவளிடம் வந்தது. "ஆம், இது நடந்தது" என்று எழுதினாள். பஸ் டிரைவரை மூன்றாம் வாசலின் காவல் தெய்வமாக்கிவிட்டார்கள். அவருக்கு அது தகும் என்று நினைத்துக்கொண்டாள்.

மலைத்தோளிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. வீட்டிலும் அப்படித்தான். படியில் கேலி நின்றது. பால்கனியில் போன் கவிழ்ந்து கிடந்தது. மூன்றாம் நாள் பரணில் ஒற்றைக் கையால் தொற்றி ஏறி, தலையெல்லாம் தூசியோடு இறங்கினார்.

"என்னங்க தேடுறீங்க?"

"ஸ்பேனர்."

ஸ்பேனர் அவர் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்டும் காணாமல் நகர்ந்தாள்.

ஐந்தாம் நாள் மகள், "மலைத்தோள் ஓடிப் போயிட்டார்னு பேசிக்கிறாங்க. எழுதத் தெரியுது, ஒத்துக்கத் தெரியலையாம்" என்றாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

ஏழாம் நாள் மாலை ஆறு மணிக்குக் கெடு. அன்று அவள் குழாய்ப் பெயர்களை நான்கு முறை பார்த்தாள். ஐந்தரைக்கும் சாம்பல். ஐந்தே முக்காலுக்கும் சாம்பல். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது எழுத்து கறுத்தது.

"ஆம், இது நடந்தது. கதவைத் திறந்து போட்டது நான்."

ஏட்டில் யாரும் 'நான்' என்று எழுதுவதில்லை என்று எருமைக்கொம்பு உடனே பணிவோடு நினைவூட்டினார். 

வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலுக்குள்ளேயே, செருப்பு அலமாரி பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. மடியில் பழைய செய்தித்தாள் விரிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு செருப்பு. பதினோரு வருஷமாகியும் புதுசு.

"மத்தது என்னிக்காவது கிடைச்சிடும்னு எடுத்து வெச்சிருந்தேன்" என்றார்.

அவள் பையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"துடைப்பம்னு நீதானே?"

"நான்தான்."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா மறுநாள் கூண்டு மேல ஏறி நின்னிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "மாட்டேன்."

"அதான்."

அவர் அழுதார். தோளிலிருந்த மலையெல்லாம் எங்கே போயிற்றோ, குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளுக்கும் அழுகை வந்தது. சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியிலேயே வந்தது. அன்றும் பரணில் ஏறியிருக்கிறார்; தலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். "கோபம் கொஞ்சம் பாக்கி இருக்கு. துண்டை ஒழுங்கா மடிச்சா குறையும்" என்றாள்.

உள்ளேயிருந்து மகள் போனும் கையுமாக ஓடிவந்தாள்.

"அம்மா, மலைத்தோள் ஒத்துக்கிட்டார்! ஆனா எனக்கு அந்தக் குழந்தை மேலதான் கோபம். அப்பா பூட்ஸ் போட்டுட்டுப் போனதுகூடவா அதுக்குத் தெரியாது? சரியான லூசு…"

அப்பாவின் பூட்ஸில் அவள் பார்வை விழுந்தது. அப்புறம் மடியிலிருந்த செருப்பில். அப்புறம் அம்மாவின் முகத்தில். அந்த வீட்டில் அவள் பேச்சு பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை. போனை அணைத்துவிட்டு, இருவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். செருப்பை எடுத்துத் தன் பாதத்தோடு ஒட்டி அளந்து பார்த்தாள். இப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மூவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். அம்மா பூட்டி, இழுத்துப் பார்த்தாள். நாலு அடி இறங்கினாள். கால் தானாகத் திரும்பியது. அதற்குள் அவர் மேலே ஏறிப்போய் இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "பூட்டியிருக்கு" என்றார், ஆபீசில் அறிக்கை கொடுப்பது போல.

மேல்மாடிக்காரர் சிரிப்புக்குத் தயாராக நின்றார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"இருங்க" என்றாள் மகள். "மூணாவது என்னோடது."

பள்ளிப் பையோடு தடதடவென்று மேலே ஓடி, பூட்டைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு மூன்று பேருக்குமே லேட்.