காய்வதற்கு இருபது நிமிடம்

அம்மாவின் இருபத்தைந்தாவது வீடியோ ஏழு நிமிடம் ஐம்பது விநாடி நீளத்தில் வந்து இறங்கியது. நான் நம்பவில்லை. பாதியில் அறுந்து வந்திருக்கும் என்று நினைத்துத் திறந்து பார்த்தேன். முழுசாகத்தான் இருந்தது. ஒரு மண் ஜாடி, அதன் நிழல், நிழலுக்குள் கொஞ்சம் நீலம். நடுவில் ஹேர் டிரையர் இரைச்சல். ஆறு மாதச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம்.

பாட வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு. ஆபீசில் எனக்குக் கத்திரி என்றே பெயர். எட்டு நிமிடத்துக்கு மேல் எவனும் எதையும் உட்கார்ந்து பார்க்க மாட்டான் என்பது எங்கள் மேனேஜரின் வேதவாக்கு. அந்த ஆள் பேசும் மீட்டிங் மட்டும் இரண்டு மணி நேரம் ஓடும். அப்பா இறந்த பிறகு, அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று வாட்டர்கலர் சொல்லிக்கொடுக்கும் சேனல் ஒன்றை நான்தான் தொடங்கிக் கொடுத்தேன். முப்பது வருடம் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தவள். வாரம் ஒரு பாடம் பதிவுசெய்து அனுப்புவாள். ஒரு ராத்திரி ரயில் பயணத் தொலைவில் இருக்கும் நான் அதை வெட்டி ஏற்றுவேன்.

அனுப்பியதெல்லாம் நாற்பது நிமிடம். ஒரு நிமிடம் கூடாது, குறையாது.

"எதுக்கும்மா நாப்பது?"

"ஒரு பீரியட் நாப்பது நிமிஷம்டி. என் சர்வீஸ் பூரா கணக்கு வாத்தியார் வந்து, 'டீச்சர், இன்னைக்கு உங்க பீரியடை எடுத்துக்கவா'ன்னு பல்லைக் காட்டுவார். நானும் தலையாட்டிட்டு வெளிய வந்துடுவேன். இப்ப எவன் வந்து எடுக்கறான்னு பாக்கறேன்."

எடுப்பதற்கு நான் இருந்தேன்.

வாட்டர்கலரில் முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. அவசரப்பட்டால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். காய இருபது நிமிடமாவது வேண்டும். ஓவியம் சொல்லித்தரும் வீடியோக்களில் எல்லோரும் முதலில் வெட்டுவது அந்த இடத்தைத்தான். அம்மா கேமராவை நிறுத்தக்கூட மாட்டாள்.

"சொல்லிக்குடுக்கறவ காத்திருந்து காட்டணும். இல்லேன்னா பாக்கற புள்ளைங்க, உடனே காஞ்சுடும்னு நெனச்சுக்கும்."

"பாக்கறதுக்கு ஆள் இருந்தாத்தானேம்மா காட்டறதுக்கு. மூணாவது நிமிஷமே பாதிப் பேர் எழுந்து போயிடறாங்க."

"போறவங்க போகட்டும். நீ முழுசாப் பாக்கறியா இல்லியா?"

"வெட்டறவ பாக்காம எப்படிம்மா வெட்டுவா? ஒரு விநாடி விடாமப் பாக்கறேன்."

பச்சைப் பொய். போனை வைக்கும் அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். கேமரா மேசைக்கு மேலே, தாளைப் பார்த்துக் குனிந்தபடி இருக்கும். அம்மாவின் முகம் தெரியாது; தாளும் இரண்டு கைகளும்தான். பிரஷ் தாளை விட்டு எழும் இடத்தில் ஒரு வெட்டு, மறுபடி தொடும் இடத்தில் ஒரு வெட்டு. நடுவில் இருப்பதைத் தூக்கிப்போட எனக்கு நாலு விநாடி போதும். மீதியைச் சுருக்கி எட்டு நிமிடத்தில் அடக்கிவிடுவேன். பல பாடங்களில் அந்த இருபது நிமிடத்திலும் திரையில் ஒலியைக் காட்டும் கோடு மேடு மேடாகத் தெரியும். வீட்டில் டிவி ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

"ஹேர் டிரையர் வாங்கிட்டேன்," என்றாள், அந்த ஞாயிற்றுக்கிழமை போனில். "இனிமே உனக்கு வெட்டற வேலையே இல்லை."

"சூப்பர்ம்மா. இப்பத்தான் வழிக்கு வந்திருக்கே."

"ஆமா," என்றாள். நான் அதோடு போனை வைத்துவிட்டேன்.

வீடியோவை ஏற்றிய மறுநாள் யாரோ ஒருவர் கீழே கமென்டில் கேட்டிருந்தார்: எங்கள் வீட்டில் ஹேர் டிரையர் இல்லை, தானாகக் காய எவ்வளவு நேரம் ஆகும்? நியாயமான கேள்வி. குத்துமதிப்பாகச் சொல்வதைவிடப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று பழைய பதிவு ஒன்றைத் திறந்தேன். பதினான்காவது பாடம், எலுமிச்சம்பழம். அதில்தான் பூச்சு கனமாக இருந்தது. பிரஷ் எழுந்த இடத்திலிருந்து ஓடவிட்டு, சாயங்காலத்துக்கு வாங்கி வந்த பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

"சரி, காயட்டும்," என்றது அம்மாவின் குரல். அப்புறம் பாடம் நடத்தும் தொனியை விட்டுவிட்டு, "எப்படிடி இருக்கே?" என்றாள்.

பன்னைக் கீழே வைத்தேன்.

டிவி இல்லை. அம்மாதான். குளியலறைக் குழாய் ஒழுகுவது, மாடி வீட்டுக்காரி முகம் கொடுத்துப் பேசாதது, கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீடு பூரா அதைத் தேடியது. தன்னைத் தானே கிண்டல் செய்து சிரித்தாள். நான் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல நிறுத்தி, "நீ சிரிப்பே, சிரி" என்றாள். பிறகொரு நாள் போனில், "அந்தக் குழாயைச் சரி பண்ணியாச்சு" என்று சொல்லியிருக்கிறாள். எந்தக் குழாய் என்றுகூடக் கேட்காமல், "சரிம்மா, சரிம்மா" என்றிருக்கிறேன்.

திரையில் கைகள் இரண்டும் தாளின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தன.

"ஒண்ணு கேக்கணும். போன்ல நீ ஒரு காலை வாசல்ல வச்சுக்கிட்டே பேசறே, அதான் இங்க கேக்கறேன். இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு உன்கூட வந்து இருக்கட்டுமா? உனக்கும் ஆள் இல்லை, எனக்கும் ஆள் இல்லை. சமையல் மட்டும் நீ பாத்துக்கோ, என் சமையல்தான் உனக்குத் தெரியுமே. சரின்னா போன் பண்ணும்போது சொல்லு. கஷ்டம்னா ஒண்ணும் சொல்ல வேணாம், வழக்கம்போல இதை வெட்டிடு. நானும் கேக்கலை, நீயும் கேக்கலைன்னு இருந்துடலாம். மனசுல வச்சுக்க மாட்டேன்."

விரல் நுனியால் தாளைத் தொட்டுப் பார்த்தாள். "காஞ்சுடுச்சு," என்று பாடத்துக்குத் திரும்பினாள்.

அந்த இடத்தை நான் வெட்டியது எனக்கு நினைவிருக்கிறது. ஒட்டிய இடமே தெரியவில்லை என்று அன்றைக்கு எனக்கே பெருமையாக இருந்தது.

கட்டியவன் பிரிந்து போய் இரண்டு வருடம். வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் நான் இருக்கிறேன், இன்னொன்றில் காலி அட்டைப்பெட்டிகள் குடியிருக்கின்றன. சாவி எங்கே போச்சு என்று என்னையே கேட்டுக்கொள்ளும்போதுதான் இந்த வீட்டில் மனுசக் குரல் கேட்கும். அவள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கே ரயில் ஏறிப் போய்க் கூட்டி வந்திருப்பேன்.

பதினைந்தாவது பாடத்தைத் திறந்தேன். பிரஷ் எழுந்தது. "காயட்டும்," என்றாள். அவ்வளவுதான். இருபது நிமிடம் கைகள் மேசைமேல் சும்மா இருந்தன. ஒருமுறை இடது கை வலது கையைத் தடவிக் கொடுத்தது. பதினாறிலும் அப்படியே. இருபத்து நான்கு வரைக்கும் அப்படியே. அப்புறம்தான் ஹேர் டிரையர்.

கூப்பிட்டேன்.

"என்னடி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. அம்மா, எலுமிச்சம்பழத்தை இப்பத்தான் பாத்தேன்."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அது பழைய கதை, விடு. நீ வெட்டினதும் எனக்குப் புரிஞ்சுடுச்சு. உன் வீடு, உன் வசதி. நான் தப்பா எடுத்துக்கலை."

"இல்லம்மா. நான் கேக்காமயே வெட்டிட்டேன். நடுவுல நீ பேசறேன்னே எனக்குத் தெரியாது. நீ வா. இன்னைக்கே கிளம்பி வர்றேன், கூட்டிட்டு வந்துடறேன்."

இதைச் சொன்னதும் அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

"கேட்டுட்டு உனக்கும் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்னு நெனச்சேன்," என்றாள் மெதுவாக. "ரெண்டு தடவை போட்டுக் கேட்டிருப்பா, கொஞ்சம் அழுதிருப்பா, அப்புறம் வேற வழி இல்லாம வெட்டியிருப்பான்னு. அதை நெனச்சுத்தான் மனசைத் தேத்திக்கிட்டேன்."

"அம்மா, வாயேன்..."

"எல்லா வாரமும் இப்படித்தானா? மொதல் பாடத்துலேருந்தா?"

இன்னும் ஒரு தடவை பொய் சொல்லிவிடலாமா என்று இருந்தது. வரவில்லை.

"ஆமாம்மா."

"அப்ப நான் அத்தனை நாளும் யார்கிட்டடி பேசிக்கிட்டிருந்தேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பவள்போலக் கேட்டாள். நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.