வாயு என்று பேர் வைத்தோம்

யார் யார் இருந்தோம், எங்கெங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேசையில் ஜன்னல் பக்க நாற்காலியில் நான், எதிரே வெள்ளைத் தாளும் பேனாவும். இடப்பக்கம் என் மனைவி, மடியில் பூண்டும் தட்டும். அவளுக்கு அடுத்து, வலிக்கும் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியபடி மாமியார். வாசலை ஒட்டி இழுத்துப் போட்ட ஸ்டூலில், எங்களோடு சேர்ந்தும் சேராமலும், என் மச்சான். மனைவிக்குத் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். கதவைப் பாதி திறந்தே வைத்திருந்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் இடம் வாசல் பக்கம்தான். கதவைச் சாத்த விடமாட்டான். "காத்து வரட்டும்" என்பான். நாங்களும் இத்தனை வருஷமாக அதைக் காற்று என்றே எடுத்துக்கொண்டிருந்தோம்.

மேசையில் ஒரு நாற்காலி காலி. மச்சானின் மனைவி உட்காரும் இடம் அது. அவள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. உறவு முறையில் எனக்குத் தங்கை. முந்தின நாள் போன் செய்தபோது எடுத்தாள். ஆனால் என்னைப் பேசவிடவில்லை.

"பேச்சு வேண்டாம் அண்ணா. உங்க வீட்டுல ஒருத்தர் ஆரம்பிச்சா நாலு பேரும் பேசுவீங்க, கடைசில தப்பு எம்மேலன்னு வந்து முடியும். எங்கப்பா சாவுக்கு உங்க மச்சான் ஏன் வரல? அதுக்கு மட்டும் எழுத்துல பதில் அனுப்புங்க. படிச்சுட்டு, திரும்பி வர்றதா இல்லையான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்."

அதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமை காலை கூடியிருந்தோம். கடிதம் என்றால் எங்கள் குடும்பத்தில் என்னிடம்தான் வருவார்கள். தேதி வலது மூலையில், விளிப்பு இடப்பக்கம், செய்தி முதல் பத்தியில் என்று பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்தது. ஒரு பிழையில்லாமல் எழுதி, வாசித்துக் காட்டினேன்.

"அன்புள்ள தங்கைக்கு, நலம், நலமறிய ஆவல். தங்கள் தந்தையார் மறைந்த அன்று, கடுமையான உடல்நலக் குறைவு காரணமாக, என் மச்சானால் நேரில் வந்து துக்கத்தில் பங்குகொள்ள இயலாமற் போனதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

"கண்ணுல தண்ணி வருது மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

"நல்லாத்தான் இருக்கு அத்தான்" என்றான் மச்சான். "கீழ 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்'னு போட்டுட்டா முடிஞ்சுது. லீவு லெட்டர்."

என் மனைவி சிரித்துவிட்டாள். "பின்ன என்னடா எழுதச் சொல்றே? வாயுன்னு எழுதவா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பூண்டுத் தட்டைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த வார்த்தைக்கு ஒரு கதை உண்டு. சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டுப் பந்திக்கு இடம் பிடிக்கும் நெரிசலில் மச்சான் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். சட்டை முழுக்க வியர்வை. விரல்கள் மரத்துவிட்டன என்றான். மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அவசரத்தில் இருந்த டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க" என்றார். அவர் 'இதுல' என்றது எங்கள் காதில் விழவில்லை. 'ஒண்ணுமில்ல' மட்டும் விழுந்தது. மச்சானே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "வாயுவா இருக்கும்" என்றான். வீட்டுக்கு வந்து ஓமத் தண்ணீர் கொடுத்தோம். அடங்கியது. நோயும் தெரிந்துவிட்டது, மருந்தும் தெரிந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினோம்.

அடுத்த விசேஷத்தில் அவன் எழுந்து வாசலுக்குப் போனபோது என் மனைவி குரல் கொடுத்தாள். "வாயு பகவான் எழுந்தருளிட்டாரு, வழி விடுங்கப்பா!" மண்டபமே சிரித்தது. அவனும் சிரித்தான். அன்றிலிருந்து அவன் பேரே அதுவாகிவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தாயிற்று, இரண்டிலும் அதே ஒண்ணுமில்லை. "ஒண்ணுமில்லாததுக்கு ஊரைக் கூட்டுறான்" என்றார் மாமியார். அவன் மனைவி சொன்னதுதான் சுருக்கென்று இருந்தது. "எங்க வீட்டு விசேஷம்னா மட்டும் இவருக்குக் கரெக்டா வாயு வந்துரும்."

உண்மை அதுவல்ல என்று தெரிந்தது போன மாதம்தான். ராத்திரித் தூக்கமே இல்லை என்று சொன்னான் என்பதற்காக ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். நாலாவது மாடி. நான் லிஃப்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவன் நனைந்த கோழி மாதிரி வேர்த்து, படியேறி வந்தான்.

"லிஃப்ட் ஓடலையா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஓடுது டாக்டர். நான்தான் சர்வீஸ் பண்றேன். போன தடவை பிரேக் கட்டை மாத்தினேன்."

"பின்ன ஏன் படி?"

"உடம்புக்கு நல்லதுன்னு சொல்றாங்களே."

நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. "சர்வீஸ் முடிஞ்சதும் உள்ள ஏறிக் கதவைச் சாத்தி ஓட்டிப் பாக்கணும் இல்லையா? அதை யார் பண்றது?"

"பார்ட்னர். நான் மேல மெஷின் ரூம்ல நிப்பேன்."

"எப்பவுமே அப்படித்தானா?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க வலிக்குதுன்னு நான் கேக்கப் போறதில்ல. எங்கெங்க போறதை விட்டுட்டீங்க? அதைச் சொல்லுங்க."

முதலில் தியேட்டர் என்றான். பிறகு நெரிசலான பஸ். கல்யாண மண்டபம். கொஞ்சம் தயங்கி, முடி வெட்டுகிற கடை என்றான்; கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டியதும் எழுந்து ஓடிவிட்டானாம். தம்பிக்குச் சிக்கனம் ஜாஸ்தி, பெண்டாட்டியை விட்டே முடி வெட்டிக்கொள்கிறான் என்று நாங்கள் கேலி செய்துகொண்டிருந்த விஷயம் அது. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. மனிதன் நடமாடுகிற ஊர் மெல்ல மெல்லச் சுருங்கி, ஒரு வீடும் ஒரு மெஷின் ரூமும் மட்டும் மிஞ்சியிருந்தது. வாரா வாரம் பார்த்துப் பேசுகிற எனக்கு அது தெரியவில்லை.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். தைராய்டுக்கு ஒரு பரிசோதனை எழுதினார். பிறகு நிதானமாகச் சொன்னார். "இருதயத்துல ஒண்ணுமில்லன்னா இருதயத்துல இல்லன்னுதான் அர்த்தம். உங்களுக்கே ஒண்ணுமில்லன்னு ஆயிராது. திடீர்னு அப்படி வர்றதுக்குப் பதற்றத் தாக்குதல்னு பேரு. செத்துருவோம்னு தோணும். சாக மாட்டோம், ஆனா தோணுறது நிஜம். மறுபடி வந்துருமோன்னு பயந்து ஒவ்வொரு இடமா விட்டீங்க பாருங்க, அதுதான் உங்களைத் தின்னுருக்கு."

"சரியாகுமா டாக்டர்?" நான்தான் கேட்டேன்.

"நிறையப் பேருக்குச் சரியாகுது. விட்ட இடத்துக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பிப் போகணும். எப்படின்னு நாங்க கத்துக் குடுப்போம். தேவைப்பட்டா மாத்திரையும் இருக்கு."

மச்சான் அப்போது ஒன்று கேட்டான். "திரும்பிப் போறதுக்கு அந்த இடமே இப்ப இல்லன்னா?"

டாக்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதை அடுத்த தடவை பேசலாம்" என்றார். தியேட்டரை இடித்துவிட்டார்கள், அதைச் சொல்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மேசைக்கு வருகிறேன். லீவு லெட்டர் தள்ளுபடி ஆனதும், நோய்க்கு என்ன பேர் போடுவது என்று பேச்சு ஆரம்பித்தது.

"நரம்புத் தளர்ச்சின்னு போடுங்க மாப்பிள்ளை. கௌரவமா இருக்கும்" என்றார் மாமியார்.

"ஐயோ அம்மா! அது லாட்ஜுல ரூம் போட்டு வைத்தியம் பாக்கிற சமாச்சாரம். வாயுவே அதுக்குத் தேவலை."

"எனக்கென்னடி தெரியும். அப்ப டென்ஷன்னு போடுங்க. டென்ஷன் எல்லாருக்கும்தான் இருக்கு."

"எல்லாருக்கும் இருந்தா அதுக்கு எதுக்கும்மா லெட்டர்?" என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, மனசு, கினசுன்னு மட்டும் எழுதிராதீங்க. எழுத்துல போனா நாலு பேர் கையில சுத்தும். நாளைக்கு நம்ம பொண்ணைக் கேட்டு எவன் வருவான்?"

நான் டாக்டர் சொன்ன பேரையே எழுதலாம் என்றேன்.

"எழுதுங்க" என்றான் மச்சான். "ஆனா அவ வியாதிக்குப் பேர் கேக்கலையே அத்தான். ஏன் வரலன்னு கேட்டா." ஸ்டூலில் நகர்ந்து, பாதித் திறந்த கதவை இன்னும் கொஞ்சம் திறந்தான். "நான் போனேன்."

"எங்கடா?"

"அவங்கப்பா சாவுக்கு."

பூண்டு உரிப்பது நின்றது.

"மாலை வாங்கிட்டுத்தான் போனேன். தெருமுனையில வண்டியை நிறுத்திட்டு நடந்தேன். தெரு அடைச்சு ஆளு. ரெண்டு பக்கமும் நாற்காலி, நடுவுல ஒரு ஆள் நுழையிற அளவுதான் வழி. உள்ள போயிட்டா வெளிய வரமுடியாதுன்னு பட்டுச்சு. அவ்வளவுதான். கை மரத்துப்போச்சு. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. எல்லார் முன்னாடியும் பொத்துனு விழப்போறேன். பொணத்தை விட்டுட்டு என்னைத் தூக்குவாங்க. அக்கா வாயுன்னு சொல்லும். சாவு வீட்டுல சிரிப்பாங்க."

"நான் சொல்லியிருக்க மாட்டேன்டா" என்றாள் என் மனைவி. குரல் கீழே போய்விட்டது. "சாவு வீட்டுல போயி அப்படிச் சொல்லுவேனா?"

"சொல்லியிருக்க மாட்டேக்கா. ஆனா எனக்குக் கேட்டுச்சு."

மாமியார் நீட்டியிருந்த காலை மெல்ல இறக்கிக் கீழே வைத்தார்.

"அவ வாசல்ல வந்து நின்னா. தெருவை ரெண்டு பக்கமும் பாத்தா. என்னைத்தான் தேடுறான்னு தெரியுது. நான் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னாடி போயிட்டேன். உடனே போன் அடிச்சா. எங்க இருக்கீங்கன்னு கேட்டா. லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சு, விட்டுட்டு வரமுடியாதுன்னேன். அவ கண்ணைத் துடைச்சதை நான் பாத்துக்கிட்டேதான் அந்தப் பொய்யைச் சொன்னேன் அத்தான்."

"மாலை?" என்று கேட்டார் மாமியார். ஏன் அதைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"திருப்பி எடுத்துட்டு வந்து மெஷின் ரூம்ல ஆணியில மாட்டினேன். நாரு மட்டும் இன்னும் தொங்குது."

"அன்னைக்கு ராத்திரியே அவகிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா, பாவி."

"என்னன்னும்மா சொல்றது? பயமா இருந்துச்சுன்னா? ஆறு மாடி உசரத்துல கம்பிக் கயித்தைப் பிடிச்சு நின்னு வேலை பாக்கிறவன், மாமனாருக்கு மாலை போடப் பயமா இருந்துச்சுன்னு சொன்னா எவ நம்புவா? வாயுன்னா சிரிப்பீங்க. சிரிச்சுட்டு விட்டுருவீங்க. சரி, வாயுவாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

எழுதியிருந்த தாளை மடித்து ஓரமாக வைத்தேன். புதுத் தாள் எடுத்தேன். தேதியைப் போட்டேன். நலம், நலமறிய ஆவல் என்று எழுதப் போன கையை நிறுத்திக்கொண்டேன். "நீ சொல்லு" என்றேன்.

அவன் சொன்னான், நான் எழுதினேன். பேச்சை எழுத்தாக மாற்றித்தான் எனக்குப் பழக்கம். அன்று எதையும் திருத்தவில்லை. 'நான் வந்தேன். தெருமுனை வரைக்கும் வந்தேன். நீ வாசல்ல நின்னு தேடினதைப் பாத்தேன். லிஃப்ட்ல யாரும் மாட்டிக்கல. எனக்குப் பயமா இருந்துச்சு.' இப்படியே போயிற்று. டாக்டர் சொன்ன பேரைக் கடைசிக்கு முந்தின வரியில் போடச் சொன்னான். 'இது மனசுல வர்ற நோய், வைத்தியம் பாக்கிறேன்' என்று எழுதும்போது என் மனைவியைப் பார்த்தேன். அவள் தடுக்கவில்லை.

"திரும்பி வந்துரும்மான்னு ஒரு வரி சேத்துக்கோங்க" என்றார் மாமியார்.

"வேண்டாம்மா. அவ கேட்டது பதில். வான்னு எழுதினா மனு ஆயிரும்."

"வாயுன்னு பேர் வச்சது நான்தான்னு எழுதுங்க" என்றாள் என் மனைவி.

"அதுக்கு நீ தனியா ஒரு லெட்டர் போட்டுக்கோக்கா. தபால்தலை நான் வாங்கித் தர்றேன்."

வேறு நாளாக இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தபால் நிலையத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னான். உறையில் பெறுநர் முகவரியை நான் எழுதினேன். அனுப்புநர் இடத்தை அவனுக்கு விட்டுவைத்தேன். ஆனால் அங்கே போய்ப் பார்த்தால் சனிக்கிழமைக் கூட்டம், வரிசை வாசல்வரை நின்றது. அவன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டான். "நீங்க போங்க அத்தான்" என்றான். நான் வரிசையில் சேர்ந்தேன். ஊர்ந்து ஊர்ந்து என் முறை வந்தது. கவுண்டரில் இருந்த அம்மா உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"ரிஜிஸ்டர் தபால்னா அனுப்புறவர் பேர் வேணும் சார். உறையும் ஒட்டல."

"அதோ, கதவுகிட்ட நிக்கிறாரே, அவருதான்."

"வரச் சொல்லுங்க. லைன் நிக்குது பாருங்க."

நானே எழுதிக் கொடுத்திருக்கலாம். அவன் முகவரி எனக்கு மனப்பாடம். பேனா கையில் இருந்தது, எழுதவில்லை. திரும்பி அவனைப் பார்த்தேன்.

சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தான். "சார், லைன்ல வாங்க" என்று யாரோ அதட்டினார்கள். நின்றான். வாசலைத் திரும்பிப் பார்த்தான். போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். "கையெழுத்துப் போடத்தான், கொஞ்சம் வழி விடுங்க" என்று, தனக்கே கேட்காத குரலில் சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தான். நெற்றியில் வியர்வை. பேனாவை வாங்கி, தன் பேரை எழுதினான். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. பசைக் கிண்ணத்தில் விரலை விட்டுத் தடவி, உறையின் வாயை ஒட்டி, கட்டைவிரலால் ஓரம்வரை அழுத்தினான். அவன் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

"அந்தத் தெருவும் இவ்வளவு தூரம்தான் இருந்துச்சு அத்தான்" என்றான்.

கவுண்டர் அம்மா உறையை எடையில் போட்டு, ரசீதைக் கிழித்துத் தந்து, முத்திரையை ஓங்கிக் குத்தினார். கடிதத்தைப் பின்னால் இருந்த சாக்குப் பையில் போட்டார்.

"அடுத்து யாரு?" என்றார்.