ஆறில் ஒன்று

ரவிக்குமார் மூன்று ஞாயிறாக வரவில்லை. போன் செய்தேன். அந்தமானை விட்டு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்துவிட்டது, சாமான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

"பஸ், ஹோ கயா கௌதம். அவ்வளவுதான், முடிஞ்சுபோச்சு. இந்த ஆட்டத்தை இனிமே யாரு ஆடப்போறா? உங்க மாமாகிட்ட நீயே சொல்லிடு."

சொன்னேன். மாமா இடுக்கியால் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ரவிக்குமாரின் கப்பல்களையும் இனி என்னையே நகர்த்தச் சொன்னார்.

மாமா என்றால் என் மனைவி ஷோபனாவின் அப்பா, சிவஞானம். போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் கவுன்ட்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு அதே ஊரில் டாலிகஞ்சில். ஷோபனா இறந்து பதினோரு மாதம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் காலை பத்து மணிக்கு அந்த வீட்டுக்குப் போவேன். ஐந்து மணி வரை ஆடுவோம்.

ஆட்டம் என்பது போர் ஆட்டம். மேஜை நிறைய ஒரு வரைபடம். வரைபடம் முழுக்கத் தேனடை போல அறுகோணக் கட்டங்கள். அதன் மேல் விரல் நகம் அளவு அட்டைக் காய்கள். ஒவ்வொரு காயும் ஒரு படை, அல்லது ஒரு கப்பல். அதில் பலம் ஓர் எண், போகும் தூரம் ஓர் எண். மோதினால் டைஸ் உருட்டி, அச்சிட்ட அட்டவணையில் முடிவைப் பார்க்க வேண்டும். எண்பது வருடத்துக்கு முன் முடிந்த போரை மறுபடி நடத்துகிறோம். ஒரு போர் முடிய நாலைந்து மாதம் ஆகும்.

இதில் என்ன சுகம் என்று கேட்பார்கள். தோற்றவனை ஜெயிக்க வைக்கலாம் என்பார் ரவிக்குமார். செத்தவன் எடுத்த முடிவை நாமும் எடுத்துப் பார்ப்பதில்தான் ருசி என்பார் மாமா. எனக்குப் பிடித்தது அட்டவணை. ஒரு காரியம் தவறிப்போக எவ்வளவு வாய்ப்பு என்பது அதில் முன்பே அச்சாகி இருக்கும்.

ஒரு காலத்தில் ஒன்பது பேர் இருந்தார்களாம். நேவி ஆட்கள் இரண்டு பேர், ஒரு வங்காளி வாத்தியார், ஒரு மலையாளி கான்ட்ராக்டர், பேங்க்காரர்கள். பல பாஷைக்காரர்கள் என்பதால் டைஸில் விழுந்த எண்ணை ஹிந்தியில் சொல்வது வழக்கமாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து ஆட்டப் பெட்டி சென்னை வந்து, அங்கிருந்து கப்பலில் வர இரண்டு மாதம் பிடிக்கும். பெட்டி வந்த அன்று ஒன்பது பேரும் கூடி, அட்டையிலிருந்து காய்களைப் பிரித்தெடுப்பார்கள். அப்போது இங்கே நெட் கிடையாது. இருந்தாலும் ஒரு படம் திறக்கக் கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது என்று தெரியாத ஊர். ஆட்டம் அதனால்தான் பிழைத்தது என்று நினைக்கிறேன்.

பிறகு கடலுக்கடியில் நெட் கேபிள் வந்தது. பேங்க்காரர்கள் போனில் ஆட ஆரம்பித்தார்கள். கூட்டல் கழித்தலை அதுவே செய்துகொள்கிறதே என்றார்கள். நேவி ஆட்களுக்கு மாற்றல். கான்ட்ராக்டருக்குக் கண் மங்கி, காயில் இருக்கும் எண் தெரியாமல் போனது. வாத்தியார் இறந்துவிட்டார். புதிதாக இரண்டு பையன்கள் வந்தார்கள். அறுபத்து நாலு பக்க விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒருவன் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "அங்கிள், இதுக்கு சார்ஜ் எங்க போடணும்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். அவருடைய தாத்தாவை ஜப்பான்காரர்கள் இங்கே கொன்றிருக்கிறார்கள். வங்காள விரிகுடா வரைபடத்தில் அந்தமான் இரண்டே கட்டம். போர்ட் பிளேரில் ஒரே ஒரு காய். அவர் அந்தக் காயைக் கையில் எடுத்துப் பார்த்தார். வைத்துவிட்டுப் போனார். அவரும் பிறகு வரவில்லை.

நான் பொதுப்பணித் துறையில் ஜூனியர் இன்ஜினியர். சிவகங்கையிலிருந்து வேலைக்கு வந்தவன். ரவிக்குமார்தான் என்னை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். இரண்டு வருடம் ஆடினேன். பிறகு மாமாவே பெண் கொடுத்தார். ஷோபனா ஆட மாட்டாள். ஆனால் எங்கள் பேச்சு அவளுக்குப் புரியும். விதிப் புத்தகம் கிடக்கும் வீட்டில் வளர்ந்தவள்.

கல்யாணமான மறு வருடம் வடக்கே லாங் ஐலண்ட் தீவில் ஜெட்டி கட்டும் வேலை. குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். இரண்டு பேரும் போனோம்.

அன்று காலை பதினொரு மணிக்கு ஷோபனா வயிறு வலிக்கிறது என்றாள். நர்ஸம்மா வந்து ஊசி போட்டார். முடிந்தால் இன்றைக்கே கொண்டு போய்க் காட்டுங்கள் என்றார். இரண்டரை மணிக்கு மறுகரைக்குப் படகு. அங்கிருந்து ரங்கத் ஆஸ்பத்திரி. மறுநாள் காலை ஆறு மணிக்கு நேராக போர்ட் பிளேருக்குக் கப்பல். நான் யோசித்தேன். கடல் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. ரங்கத்தில் ஆபரேஷன் செய்ய ஆள் இல்லாவிட்டால் மறுபடி போர்ட் பிளேருக்கு ரோட்டில் ஆறேழு மணி நேரம். நடுவில் பழங்குடியினர் காட்டுப் பாதையின் கேட்டை அதற்குள் மூடியிருப்பார்கள். ஊசி போட்டதில் வலி குறைந்திருந்தது. அப்பென்டிக்ஸாக இருந்தால்கூட ஒரு நாள் தாங்கும். காலைக் கப்பலே மேல்.

"கணக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

"ஆறுல அஞ்சு, ஒண்ணும் ஆகாது."

"அப்படியே எங்க அப்பா" என்று சிரித்தாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டரை மணிப் படகு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கப்பல் வருவதற்குள் அவள் இறந்துவிட்டாள். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து உள்ளுக்குள் ரத்தம் போயிருக்கிறது என்றார்கள். அவள் கர்ப்பம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

கடல் சரியில்லை, அன்று படகு ஓடவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். முதலில் அத்தையிடம்தான் சொன்னேன். ஷோபனாவின் அம்மா, விஜயலட்சுமி. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு எனக்கு போர்ட் பிளேருக்கு மாற்றல் கிடைத்தது. முதல் ஞாயிறு மாமா போன் செய்தார். வரைபடத்தை விரித்தாயிற்று, வாங்க என்றார். போனேன். அதன் பிறகு எல்லா ஞாயிறும் போனேன். அங்கே அவள் பேச்சு வராது. அத்தை இரண்டு முறை டீ கொடுப்பார். மதியம் சோறு போடுவார். வாரத்தில் மற்ற ஆறு நாள் நான் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. உண்மையைச் சொன்னால் அந்த மேஜை போய்விடும். சொல்லாமல் அங்கே உட்காருவதும் ஒவ்வொரு வாரமும் கஷ்டமாகிக்கொண்டே வந்தது.

ரவிக்குமார் போன பிறகு நாங்கள் ஆடிய ஞாயிறு, ஆட்டத்தில் மார்ச் 1942. ரவிக்குமாரின் ஜப்பான் கப்பல்கள் இப்போது என் பக்கம். மாமா பிரிட்டிஷ். போர்ட் பிளேரில் இருக்கும் ஒற்றைப் படையை ஏற்றிப்போக அவருக்கு அங்கே ஒரு கப்பல் நின்றது. இந்த முறையே ஏற்றினால் நிச்சயம் தப்பும். ஒரு முறை பொறுத்தால் அந்தக் கப்பலை அதற்குள் ரங்கூனுக்கு உதவ வைக்கலாம். ஆனால் அப்படிப் பொறுத்தால் நான் டைஸ் உருட்டுவேன். ஒன்று விழுந்தால் கப்பலும் போகும், படையும் போகும். மற்ற எண் எது விழுந்தாலும் ஒன்றும் இல்லை.

மாமா கன்னத்தில் கை வைத்து வெகு நேரம் பார்த்தார். கப்பலை ரங்கூனுக்கு நகர்த்தினார். படை அங்கேயே இருந்தது.

"ஆறுல ஒண்ணுதான மாப்ள. இதுக்குப் பயந்தா ஆடவே முடியாது. போடுங்க."

டைஸை என் கையில் கொடுத்தார். என்னால் உருட்ட முடியவில்லை. அது கையிலேயே இருந்தது. அவர் மறுபடி போடுங்க என்றார். நான் டைஸை மேஜை ஓரத்தில் வைத்தேன்.

"மாமா, அன்னைக்குப் படகு ஓடுச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியும்."

அவள் இறந்த மூன்றாம் நாளே ஜெட்டியில் பழைய ஆட்களிடம் விசாரித்துவிட்டாராம். இரண்டரை மணிப் படகு நேரத்துக்குப் போனது, பாதி சீட் காலி என்று சொன்னார்களாம். இதையெல்லாம் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார். அவள்தான் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்திருப்பாள் என நினைத்துக்கொண்டாராம்.

"இல்ல மாமா. நான்தான் வேண்டாம்னேன்."

"என்ன கணக்குப் போட்டீங்க?"

சொன்னேன். ஆட்டம் முடிந்ததும் எங்கே தவறு என்று அலசுவோமே, அது போலவே கேட்டார். அலை எவ்வளவு? வலி எப்போது குறைந்தது? ரோடு எத்தனை மணி நேரம்? நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரங்கத்துல சர்ஜன் இருந்தாரா?"

"இருந்தாராம். பிறகுதான் தெரிஞ்சுது."

"அப்பத் தெரியாதுல்ல. தெரியாததைக் கணக்குல சேக்க முடியாது." கண்ணைத் திறந்தார். "நானும் காலைக் கப்பலுக்குத்தான் நின்னிருப்பேன்."

எனக்கு ஆறுதலாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு சரியாக இறங்கியது.

அத்தை சமையலறை வாசலில் நின்றிருந்தார். மீன் கழுவிக்கொண்டிருந்தவர். கையில் செதில் ஒட்டியிருந்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை. மாமாவிடம் கேட்டார்.

"படகு ஓடுனது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

மாமா இடுக்கியை எடுத்து ஒரு காயை நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"சொன்னா நான் இவரை வீட்டுக்குள்ள விடமாட்டேன். அப்புறம் உங்களோட ஆட ஆள் இருக்காது. அதான?"

மாமா இடுக்கியைக் கீழே வைத்தார்.

அத்தை என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"ரங்கத்துல டாக்டர் இருக்காரான்னு ஒரு போன் போட்டுக் கேக்கறதுதான?"

  போன் சட்டைப் பையில்தான் இருந்தது. லாங் ஐலண்டில் அன்று சிக்னலும் இருந்தது. கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. எதிராளியின் காய்க்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஆட்டத்தில் கேட்க முடியாது. தெரியாததைத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு வாய்ப்பைக் கணக்கிட வேண்டும். பல வருடப் பழக்கம். அன்று நான் படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மனதுக்குள் அட்டவணை போட்டேன். நல்ல முடிவு எடுத்தோம் என்ற திருப்திகூட இருந்தது.

"வயித்துவலின்னு பொண்ணு சொன்னா படகுல ஏத்தணும்" என்றார் அத்தை. "இதுல என்ன ஆறுல ஒண்ணு?"

பிறகு உள்ளே போனார். எண்ணெயில் மீன் போடும் சத்தம் கேட்டது. ஒரு மணிக்கு மூன்று தட்டு வைத்தார். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. மூன்று பேரும் சாப்பிட்டோம். என் தட்டில் எப்போதும் போல இரண்டு துண்டு வைத்தார். ரசம் ஊற்றும்போது போதும் என்று கையைக் காட்டினேன், நிறுத்தினார்.  கை கழுவிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பழக்கத்தில் போய்விட்டேன். மேஜை காலியாக இருந்தது. வரைபடத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். யார் மடித்தது என்று கேட்கவில்லை. மாமா டிவி போட்டார். ஆபீஸ் எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். சுகர் எவ்வளவு என்று கேட்டேன். நூற்று எண்பது என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை வருடத்தில் காய்களைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசியதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தை டீ கொண்டுவந்து வைத்தார். எங்கள் இருவரையும் ஒரே மாதிரி பார்த்தார். பதினொன்றரைக்கு எழுந்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு நான் போகவில்லை. பத்தரைக்கு மாமா போன் செய்தார்.

"வரலையா?"

"இல்ல மாமா."

 குரலைத் தாழ்த்தினார்.

"அவ கோயிலுக்குப் போயிருக்கா. ஒரு மணிக்குத்தான் வருவா. காயெல்லாம் எந்தக் கட்டத்துல இருந்துதுன்னு எழுதி வச்சிருக்கேன். மறுபடி வச்சிடலாம். அந்த டைஸ் இன்னும் நீங்க போடல."

போக வேண்டும் போல இருந்தது. சட்டைகூடப் போட்டிருந்தேன். போனால் அவர் எண்ணை ஹிந்தியில் சொல்வார், நான் அட்டவணையைப் பார்ப்பேன், ஐந்து மணி வரை வேறு எதுவும் இருக்காது.

"வேண்டாம் மாமா" என்றேன்.

"அச்சா" என்றார். வைத்துவிட்டார்.

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.