பெட்டிக்குள் அடங்காத எழுத்து

இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட கம்ப்யூட்டரில் நினைத்த மாத்திரத்தில் கட்டம் போட்டு, அம்பு இழுத்து, உள்ளே எழுதி முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. தொண்ணூற்றேழில், கோயமுத்தூர் கணபதியில் இருந்த பங்காரு பம்ப்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டுமென்றால் செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். கம்பெனியிலேயே ஏசி இருந்த ஒரே அறை அதுதான். முதலாளிகளுக்கே காற்றாடிதான். ஆயுத பூசைக்கு மானிட்டரின் நெற்றியில் வைத்த சந்தனமும் குங்குமமும் அடுத்த ஆயுத பூசை வரை அப்படியே இருக்கும். துடைத்தால் வைரஸ் வரும் என்று ஸ்டோர்ஸ் அழகிரிசாமி அண்ணன் உறுதியாக நம்பினார். அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு இளகிவிடுகிறது.

என் பெயர் மோகனப்பிரியா. வெள்ளகோவில்காரி. கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்து, காந்திபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி அந்த அறையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தற்காலிக வேலைதான். அந்த வருஷம் ஊரில் பம்பு செய்கிற பாதிப் பேருக்கு ஐஎஸ்ஓ தரச் சான்றிதழ்ப் பைத்தியம் பிடித்திருந்தது. எங்கள் கம்பெனியும் விண்ணப்பம் போட்டிருந்தது; அவர்கள் வந்து சோதிக்கும் ஆடிட் பாக்கி இருந்தது. சர்டிபிகேட் வந்ததும் என்னை நிரந்தரமாக்குவதாகப் பெரிய முதலாளி சொல்லியிருந்தார்.

என் அப்பா திருமூர்த்திக்கு அது போதவில்லை. காங்கயத்தில் ஒரு மாப்பிள்ளை வீடு பேசிக்கொண்டிருந்தார்.

"பர்மனென்ட்டுன்னா இரு கண்ணு, மாப்பளை ஊட்டுல சொல்லிக்கலாம். இல்லீனா ஆடிட்டு முடியற அன்னைக்கே துணிமணிய எடுத்துக்கிட்டு என்ற கூட வந்தரோணும்" என்றார். சொன்னதோடு நிற்காமல் ஆடிட் தேதியையும் கேட்டு வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவரைப் பார்த்ததே இல்லையே. எனக்கு அந்த வேலை வேண்டும், அவ்வளவுதான். வேறு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

ஆடிட்டுக்குக் கேட்ட காகிதங்களில் முக்கியமானது ஒரு படம். கம்பெனியில் யார் யாருக்கு மேலே, யார் என்ன வேலை பார்க்கிறார் என்பதை ஒரே தாளில் பெட்டி பெட்டியாகக் காட்ட வேண்டும். அதற்கென்று வாங்கிய சாப்ட்வேரில் பெட்டியை இழுத்துப் போட்டு, இரண்டு முறை தட்டினால் உள்ளே எழுதலாம். எழுத்து அதிகமானால் பெட்டி தானாகப் பெரிதாகாது. பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி வார்த்தைகள் கோட்டுக்கு வெளியே நிற்கும். உள்ளே தள்ள வேண்டுமென்றால் எழுத்தைச் சின்னதாக்க வேண்டும். நானும் அதைத்தான் செய்தேன். வம்பு அங்கேதான் பிறந்தது.

முதலாளிகள் இரண்டு பேர். காலஞ்சென்ற பங்காரு நாயுடுவின் மகன்கள். பெரியவர் வெங்கடபதி, சின்னவர் கோவிந்தராஜுலு. இருவருக்கும் ஒரே கார், ஒரே டிபன் கேரியர். சாப்பாட்டு நேரம் தவிர அண்ணன் எதிரே தம்பி உட்கார மாட்டார். தம்பி வராமல் அண்ணன் கேரியரைத் திறக்க மாட்டார். பெரியவர் பெட்டியில் அவர் பெயரும் மேனேஜிங் டைரக்டர் என்பதும் மட்டுமே இருந்ததால் எழுத்து பதினாலு பாயிண்டில் கம்பீரமாக உட்கார்ந்தது. சின்னவர் பெட்டியிலோ பெயருக்குக் கீழே பர்ச்சேஸ், பவுண்டரி, மெஷின் ஷாப், அசெம்பிளி, டெஸ்டிங், சர்வீஸ், லேபர் என்று இறங்கிக்கொண்டே போனது. குறைத்துக் குறைத்து எட்டுப் பாயிண்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் அடங்கியது.

பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். சின்னவர் செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, நம்ம கண்ணுல ஏதாச்சும் கோளாறுங்களா? இல்லீங்கன்னா எழுத்தே இத்துனூண்டுதானுங்களா?"

எங்கள் ஊரில் ஒருவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். உடனே அவர் எழுத்தைப் பெரிதாக்கினேன், பெட்டி போதவில்லை. பெட்டியை அகலமாக்கினேன். மத்தியானம் பெரியவர் வந்தார்.

"தம்பி பொட்டி என்னுங்க, பஸ் ஸ்டாண்டு அகலத்துக்கு இருக்குது?" என்று சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது.

பெட்டியைப் பழையபடி குறுக்கினேன். சின்னவர் வந்தார். எழுத்தைத் தடிமனாக்கினேன். பெரியவர் வந்து தன் எழுத்தையும் தடிமனாக்கச் சொன்னார். அண்ணன் இல்லாத நேரம் பார்த்துத் தம்பி வருவார், தம்பி இல்லாத நேரம் பார்த்து அண்ணன் வருவார். ஒருவரிடம் ஒருவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் நான் மவுசைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். ஒரு நாள் பெரியவர் தம்பிக்குக் காத்திராமல் கேரியரைத் திறந்து சாப்பிட்டுவிட்டார். இரும்பு வார்க்கும் பவுண்டரி வரைக்கும் அன்றைக்கு அதுதான் பேச்சு.

"கம்பெனி ரெண்டாப் போயிருமாட்ட இருக்குதுங்க அம்மணி" என்றார் அழகிரிசாமி அண்ணன். "நீங்க சித்தெ அந்த மவுசைத் தொடாம இருங்க."

கம்பெனி இரண்டானால் ஆடிட் ஏது, வேலை ஏது? அன்று ஹாஸ்டலில் அழுதுகொண்டே படுத்தேன். மறுநாள் காலையில் அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. இரண்டு பெட்டிக்கும் ஒரே அளவு எழுத்து வைத்தேன். பெட்டி எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாகட்டும் என்று விட்டேன். ஆளுக்கொரு தாளில் பிரின்ட் எடுத்துக்கொண்டு, இருவரும் இருந்த சாப்பாட்டு நேரத்தில் போய், கேரியர் பக்கத்தில் வைத்தேன்.

"எழுத்து ரெண்டும் ஒரே அளவுங்க. இதுக்கு மேல எனக்குச் செய்யத் தெரியலீங்க."

பெரியவரின் தாளில் இரண்டே வரி. மிச்சமெல்லாம் வெள்ளை. சின்னவரின் தாள் அடிவரை நிரம்பியிருந்தது. பெரியவர் தம்பியின் தாளை இழுத்து, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார்.

"இத்தனையும் நீயா பாக்கறே?"

"வேற யாருண்ணா பாக்கறது?" என்றார் சின்னவர். குரலில் கோபம் இல்லை. சலிப்புதான் இருந்தது.

பெரியவர் தம்பியின் தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு என்னிடம், "பர்ச்சேஸையும் சர்வீஸையும் என்ற பொட்டிக்குத் தள்ளுங்க அம்மணி" என்றார். சின்னவர் அண்ணன் தட்டில் பொரியலை வைத்தார். அடுத்த வாரத்திலிருந்து பெரியவர் நிஜமாகவே பர்ச்சேஸில் உட்கார ஆரம்பித்துவிட்டார். இரண்டு பெட்டிகளும் ஒரே அளவாயின, எழுத்தும் ஒன்பது பாயிண்டில் சமமாக நின்றது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

ஆடிட் நாள் வந்தது. பெங்களூரிலிருந்து வந்த ஆடிட்டர் அதிகம் பேசாத மனிதர். காலை முழுக்கப் பவுண்டரியைச் சுற்றிவிட்டு, மத்தியானம் படத்தைக் கையில் எடுத்தார்.

"இந்தக் காகிதங்களையெல்லாம் தயாரித்து வைத்திருப்பது யார்?"

"நம்ம அம்மணிதானுங்க" என்றார் பெரியவர் பெருமையாக.

"படத்தில் எங்கே இருக்கிறார்?"

எல்லோரும் தாளைக் குனிந்து பார்த்தார்கள். வாட்ச்மேன் இருந்தார். கேன்டீனில் டீ போடுகிற பூவாத்தாள் அக்காகூட ஒரு மூலையில் இருந்தார். நான் இல்லை. எங்கள் பக்கம் விருந்தில் பரிமாறுகிறவள் தனக்கு இலை போட்டுக்கொள்வதில்லை. எல்லோரும் எழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பாள். அத்தனை வாரமும் ஒவ்வொருவருக்கும் பெட்டி போட்டுக் கொடுத்தவளுக்குத் தனக்கு ஒன்று போட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"டெம்பரவரிங்க. சர்டிபிகேட் வந்த பொறகு பர்மனென்ட் பண்ணலாமுன்னு..." என்று பெரியவர் இழுத்தார்.

"இவர் கம்பெனி ஆளா, இல்லையா? இல்லையென்றால் இந்தக் காகிதங்களுக்குப் பொறுப்பாளரே இல்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறேன், முடிவு பண்ணி வையுங்கள்" என்று அவர் எழுந்து போனார்.

அப்பா அந்நேரம் பஸ் ஏறியிருப்பார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போட்டறலாமுங்கண்ணா" என்றார் சின்னவர்.

"போடுங்க அம்மணி. பர்மனென்ட்டுன்னே வெச்சுக்குங்க. ஆர்டரை நான் இப்பவே அடிக்கச் சொல்றேன்" என்றார் பெரியவர்.

"தாளுல இடமில்லீங்க" என்றேன். "எல்லாத்தையும் சுருக்குனாத்தான் இன்னொரு பொட்டி வைக்க முடியும்."

"நம்ம எழுத்தைக் குறைச்சுக்குங்க" என்றார் சின்னவர், அந்த எழுத்துக்காக ஒரு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்திய அதே மனிதர்.

"அவனைக் குறைச்சா என்னையும் குறைச்சுப்போடுங்க" என்றார் பெரியவர்.

எல்லாவற்றையும் பிடித்து ஏழு பாயிண்டுக்கு இறக்கினேன். கீழே கிடைத்த இடத்தில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு என் பெயரை அடித்தேன். அவசரமாகப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். ஆடிட்டர் வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டார். சர்டிபிகேட்டுக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகுதான் பெரியவர் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னுங்க இது, கம்பெனிலயே அம்மணி பேருதான் பெருசா இருக்குது?"

அந்த சாப்ட்வேரில் புதுப் பெட்டி எதைப் போட்டாலும் எழுத்து பன்னிரண்டு பாயிண்டில்தான் வரும். மற்றவர்களைச் சுருக்கிய அவசரத்தில் என்னுடையதைச் சுருக்க மறந்துவிட்டேன். முதலாளிகள் ஏழு, நான் பன்னிரண்டு. மானம் போய்விட்டது. இப்போதே மாற்றிவிடுகிறேன் என்று ஓடப் பார்த்தேன்.

"கையெழுத்துப் போட்ட காயிதத்துல கை வெக்கக் கூடாதுங்க, அதுதான ஐஎஸ்ஓ" என்று சின்னவர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழகிரிசாமி அண்ணன் அப்போதே அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டிவிட்டார்.

நாலு மணிக்கு மேல் அப்பா வந்தார். என் துணிமணியைக் கட்டிக்கொண்டு போகப் பெரிய பை ஒன்றை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பெரியவர் எழுந்து வந்து கும்பிட்டு, சேதியைச் சொல்லி, சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். அப்பா கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மேலிருந்து கீழே விரலைக் கொண்டுவந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, உதட்டை அசைத்துக் கூட்டினார்.

"மத்ததெல்லாம் பூச்சியாட்டத் தெரியுது கண்ணு. உன்ற பேரு மட்டுந்தான் படிக்க முடியுது."

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் என் மறதியைக் காட்டிக்கொடுக்கவில்லை. சின்னவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா இன்னொரு தரம் கூட்டிப் படித்தார். அவர் கண் கலங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்பா கக்கத்தில் இருந்த பையை எடுத்து இன்னும் சின்னதாக மடித்தார்.

"ஏனுங்க, நாளைக்குப் புள்ளைக்கு எத்தனை மணிக்கு வேலைங்க?"

"எட்டரைக்குங்க" என்றார் பெரியவர்.

"அப்ப நான் மட்டும் கெளம்பறேனுங்க."