ஆறு கடந்தவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு 'சாம்பல் மகுடம்' தொடரின் ஆறாவது சீசன், அதாவது கடைசி சீசன், முடிந்தது. பதினொன்று இருபத்தொன்றுக்கு ராஜகுரு சோபாவிலிருந்து துள்ளி எழுந்து ரிமோட்டை எறிய ஓங்கினார். போன மாதம்தான் புதிதாக வாங்கியது என்பது நினைவுக்கு வந்தது. அதைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டுத் தலையணையை எறிந்தார்.

"துரோகம்!" என்றார். ஹாலில் வேறு யாரும் இல்லாததால், உள்ளே கேட்கும்படி இன்னொரு முறை சொன்னார். "பச்சைத் துரோகம்!"

உள்ளேயிருந்து சத்தம் ஏதும் வரவில்லை. இது அவருடைய கோபத்தை இரட்டிப்பாக்கியது.

ராஜகுருவுக்குத் தண்ணீர் வாரியத்தில் மேற்பார்வையாளர் வேலை. 'ராஜகுரு' என்பது ரசிகர் குழு கொடுத்த பட்டம். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் அந்தக் குழுவைத் தொடங்கியவரும், பட்டத்தை முன்மொழிந்தவரும், வேறு யாரும் முன்வராததால் வழிமொழிந்தவரும் அவரேதான்.

முதல் சீசனின் முதல் பகுதியில், குகைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சூனியக்காரி எதிர்காலத்தைச் சொல்வாள்: "ஆறு கடந்தவரே அரியணை ஏறுவர்." இந்த நான்கு சொற்களின் மேல் ராஜகுரு எண்பத்து நான்கு பக்கம் எழுதியிருந்தார். தலைப்பு, 'ஆறு: ஓர் ஆய்வு'. ஆறு என்றால் ஐந்துக்கு அடுத்தது. ஆறு கோபுரங்கள், ஆறு விழுப்புண்கள், ஆறு சீசன்கள். ஆகவே ஆறாவது இளவரசன்தான் அரசன். அவனுக்கு ஐந்து அண்ணன்கள்தானே, ஐந்து பேரைத்தானே கடந்தான் என்று குழுவில் ஒருத்தர் கேட்டார். "ஆறாவதாக அவன் தன்னையே கடக்க வேண்டும்" என்று ராஜகுரு பதில் எழுதினார். எழுதிவிட்டு, கேட்டவரைக் குழுவிலிருந்து நீக்கினார்.

இன்று காலை, பன்னிரண்டாவது நிமிடத்தில், ஆறாவது இளவரசன் குதிரை ஏறும்போது கால் வழுக்கி விழுந்து செத்துப்போனான். சண்டைகூட இல்லை. குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அரியணையில் போய் உட்கார்ந்தவள் ஒரு படகுக்காரி. முதல் சீசனிலிருந்து எல்லோரையும் அக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தவள். ஓடிவந்த ராணிகள், ஒற்றர்கள், தோற்ற படை, ஜெயித்த படை, எல்லாம் அவள் படகில்தான் போயின. ஆனால் அவள் காட்சி வந்தால் ராஜகுரு காபி போட எழுந்துவிடுவார். ஆறு சீசனில் அவர் குடித்த காபிக்கெல்லாம் அவள்தான் காரணம்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராஜகுருவின் அலுவலகம் இருப்பது ஆற்றங்கரையில். பத்தொன்பது வருடமாக தினமும் காலை எட்டு மணிக்கு அவர் செய்கிற முதல் வேலை, ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்து எழுதுவது. அப்படிப்பட்டவருக்கு 'ஆறு' என்றதும் விரல் விட்டு எண்ணத்தான் தோன்றியது.

அவர் மனைவி சமையலறையைத் தாண்டி, துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் போட்ட சிறிய மேசையில் இருந்தாள். எதிரே கம்ப்யூட்டர், காதில் ஹெட்போன். 'துரோகம்' இரண்டும் காதில் விழுந்தன. ஹெட்போனில் சத்தம் எதுவும் ஓடவில்லை.

'சாம்பல் மகுட'த்தின் தமிழ் வசனங்களை எழுதியவள் அவள்தான். ஆறு சீசனும்.

இதை அவள் மறைக்கவில்லை. வேலை கிடைத்த அன்றே ஓடிவந்து சொன்னாள். "ஏங்க, எனக்கு டப்பிங் வேலை கிடைச்சிருக்கு. வீட்ல இருந்தே பண்ணலாம்." அப்போது டிவியில் வேறொரு தொடரின் கோட்டை எரிந்துகொண்டிருந்தது. "டைப்பிங்கா? நல்லது, நல்லது. கொஞ்சம் நகரு, மறைக்குது" என்றார். அன்றிலிருந்து சொந்தக்காரர்களிடம், "சும்மா இருக்காம ஏதோ டைப்பிங் பண்றா" என்று பெருந்தன்மையோடு சொல்லிவந்தார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பொடி எழுத்தில் அவள் பெயர் ஓடும். அது மேலே ஏறி வருவதற்குள் அவர் அடுத்த பகுதிக்குத் தாவியிருப்பார்.

முதலில் அவள் சிரித்தாள். தெரிந்துகொண்டே விளையாடுகிறார் என்று நினைத்தாள். அப்புறம், எப்போதாவது கேட்பார் என்று காத்திருந்தாள். அதற்கும் அப்புறம், தான் எழுதிய வசனத்துக்குச் சாப்பாட்டு மேசையில் அவர் பொருள் விளக்கம் சொல்வதைக் கேட்டுக்கொண்டே தட்டில் விரலால் கோடு போடக் கற்றுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஸ்டூடியோ மேனேஜர் பேசியிருந்தார். அடுத்த தொடரையும் அவளுக்கே கொடுப்பதா என்று திங்கட்கிழமை முடிவாகும். "உங்க எழுத்துல எனக்குக் குறையே இல்லம்மா. ஆனா கடைசிப் பகுதி வந்ததும் ரசிகர்கள் கத்துவாங்க. புகார் நூறைத் தாண்டினா எழுதறவங்களை மாத்திடணும்னு மேலிடத்து உத்தரவு. போன வருஷம் ஒருத்தரை அப்படித்தான் அனுப்பினாங்க. என் கையில எதுவும் இல்ல." பட்டப்படிப்பு படித்துவிட்டுப் பதினோரு வருடம் வீட்டில் உட்கார்ந்தபின் கிடைத்த வேலை அது.

பன்னிரண்டரை மணிக்கு ராஜகுரு அந்தச் சிறிய மேசைக்கு வந்தார். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து அவர் இந்த மூலைக்கு வந்தது மெஷின் ரிப்பேரான அன்று மட்டும்தான்.

"இந்தா பாரு, ஒரு அவசர வேலை. நீ டைப்பிங் வேலைதானே பண்றே? நான் சொல்லச் சொல்ல ஒரு கண்டனக் கடிதம் அடி."

"யாருக்கு?"

"அந்த டப்பிங் கம்பெனிக்கு. கதையைக் கெடுத்தவன் வெளிநாட்டுக்காரன், அவனை ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா தமிழ்ல எழுதினானே ஒருத்தன், அவனை விடக் கூடாது. நாலு மணிக்குக் குழுவுல இருந்து ஒரே நேரத்துல எல்லாரும் அனுப்பறோம்."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "எத்தனை பேரு?"

"நூத்தி இருபது பேர் தயாரா இருக்காங்க."

அவள் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன. பிறகு, "சொல்லுங்க" என்றாள்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெஷினுக்கும் வாசற்படிக்கும் இடையில் இரண்டு எட்டு நடந்து திரும்பினார். அவ்வளவுதான் இடம்.

"மொழிபெயர்ப்பாளர் என்ற பெயரில் உலவும் அந்த அரைகுறை..."

"அரைகுறை," என்று அடித்தாள்.

"ஆறு ஆண்டுகளாக எங்களை ஏமாற்றிவிட்டான்."

"விட்டான்னு போடவா, விட்டார்னு போடவா?"

"என்ன மரியாதை அவனுக்கு? விட்டான்னே போடு."

"ஆம்பளைன்னு எப்படித் தெரியும்?"

"இவ்வளவு பெரிய தப்பைத் தைரியமா பண்ணியிருக்கானே! அடுத்து. 'ஆறு' என்று எழுதிவிட்டு ஆற்றைக் காட்டுகிறான். ஆறு எனில் எண்ணா, நதியா என்ற அடிப்படை அறிவுகூட இல்லாத இவனை உடனே வேலையை விட்டுத் தூக்க வேண்டும். எங்கள் வன்மையான கண்டணங்களை..."

"கண்டனங்களை. ரெண்டு சுழி."

"சரி சரி. ஏன் நிறுத்திட்டே?"

அவள் நாற்காலியோடு திரும்பினாள். காதிலிருந்து ஹெட்போனை எடுத்து மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பேனா ஒன்று உருண்டு விழுந்தது.

"அந்தச் சூனியக்காரி வாயைத் திறந்து மூடறது ஒண்ணே முக்கால் செகண்ட்," என்றாள்.

"என்னது?"

"முதல்ல 'ஆற்றைக் கடந்தவரே'ன்னுதான் இருந்தது. எண்ணா நதியான்னு சந்தேகமே வராது. எண்ணா இருந்தா 'ஆறை'ன்னு வரும், நதியா இருந்தா 'ஆற்றை'ன்னு வரும். ஆனா அந்த இடத்துல அவ பல்லைக் கடிச்சு வாயை மூடிடறா. ஆறுன்னா வாய் அடங்கிடும். ஆற்றைன்னா இளிச்சுக்கிட்டு நிக்கும். ஒரு சூனியக்காரி இளிச்சுக்கிட்டே எதிர்காலம் சொல்ல முடியுமா? அதனால 'ற்றைக்' வெட்டுப்பட்டு 'று' ஆச்சு. அந்த வெட்டுத் துண்டுமேல உட்கார்ந்துதான் நீங்க எண்பத்து நாலு பக்கம் எழுதியிருக்கீங்க."

ராஜகுரு வாய் திறந்தபடி நின்றார். அதற்குப் பொருத்தமான வசனம் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் பார்க்கறதே இல்லையே!"

"பார்த்தேன். அந்த ஒரு காட்சியை மட்டும் நானூறு தடவை பார்த்தேன். சத்தமே இல்லாம, வாயை மட்டும். டப்பிங் வேலைன்னு சொன்னேன். நீங்க டைப்பிங்னு கேட்டுக்கிட்டீங்க. ஆறு வருஷம்! ஒரே வீட்டுல உட்கார்ந்து எழுதறேன், என்னடி எழுதறேன்னு ஒரு நாள் கேட்டீங்களா? சொந்தக்காரங்க முன்னாடி 'ஏதோ பண்றா'! அந்த ஏதோவைத்தான் நீங்க சோபாவுல சாஞ்சுக்கிட்டு ஆராய்ச்சி பண்றீங்க!"

அவள் குரல் உயர்ந்த உயரத்துக்குத் துணி மெஷின் மூடி அதிர்ந்த மாதிரி இருந்தது. ராஜகுருவின் முகத்தில் முதலில் திகைப்பு வந்தது. அடுத்து வெட்கம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தது வேறு.

"அப்போ... இந்த முடிவு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணு மாசமா தெரியும்."

"மூணு மாசமா? இளவரசன் சாகப்போறான்னு தெரிஞ்சும், கட்டின புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா? இது துரோகம் இல்லையா?"

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, கடிதத்தின் கடைசி வரியை வேகமாக அடித்தாள்.

"இந்தாங்க, முடிஞ்சுது. தாராளமா அனுப்புங்க. புகார் நூறைத் தாண்டினா நாளைக்கு என் வேலை போயிடும், அதையும் தெரிஞ்சுக்கிட்டு அனுப்புங்க. கெஞ்ச மாட்டேன். கீழே மட்டும் உண்மையைப் போட்டிருக்கேன்."

ராஜகுரு குனிந்து படித்தார். 'இப்படிக்கு, மேற்படி அரைகுறையின் கணவன்.'

மூன்று மணி நாற்பது நிமிடத்துக்குக் குழுவின் அழைப்பு வந்தது. ராஜகுரு ஹாலில் போனை ஸ்பீக்கரில் வைத்தார். எப்போதும் அப்படித்தான். ராஜகுரு பேசும்போது கைகள் காலியாக இருக்க வேண்டும்.

"நண்பர்களே," என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "கடிதம் வேண்டாம். டப்பிங் வட்டாரத்தின் மேல்மட்டத்துல எனக்கு ஒரு நெருங்கிய தொடர்பு உண்டு. ஆழமா விசாரிச்சேன். எழுதினவர்மேல தப்பு இல்ல."

உள்ளே மேசையின் முன்னால் 'நெருங்கிய தொடர்பு' பல்லைக் கடித்தது.

"என்ன ராஜகுரு, பின்வாங்கறீங்க?" இது சேனாதிபதி. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். குழுவில் இரண்டாவது இடம், முதல் இடத்தின் மேல் ஒரு கண். "நூத்தி இருபது பேரும் விரலை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். யார் அந்தத் தொடர்பு? பேரைச் சொல்லுங்க. இல்லேன்னா நாலு மணிக்கு என் தலைமையில கடிதம் போகும்."

"அது ரகசியம்."

"அப்போ 'ஆறு' என்ன ஆச்சு? உங்க எண்பத்து நாலு பக்கம் என்ன ஆச்சு? அது தப்புன்னு ஒத்துக்கறீங்களா? ஒத்துக்கிட்டா நிறுத்தறோம்."

ஸ்பீக்கரில் பலர் ஒரே நேரத்தில் இருமுவது கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று ஐம்பத்தொன்று. ராஜகுரு சமையலறைப் பக்கம் பார்த்தார். அவள் வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு. கண்ணில் கெஞ்சல் கொஞ்சமும் இல்லை. அவருடைய வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், தொழில்முறைப்படி.

"ஆறுன்னா..." என்று தொடங்கி நிறுத்தினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஆறுன்னா ஆறுதான்யா. தண்ணி ஓடற ஆறு. நான் எழுதினது தப்பு."

"எண்பத்து நாலு பக்கமுமா?"

"முன்னுரை சரி."

"சரி, யார் சொன்னாங்க? அதையும் சொல்லிடுங்க."

"என் மனைவி! போதுமா? ஆறு சீசனும் எழுதினது அவதான். டப்பிங் வேலை பண்றா."

சேனாதிபதி, பின்னால் ஓடிக்கொண்டிருந்த தன் டிவியின் சத்தத்தைத் தாண்டிக் கத்தினார்.

"என்னது? டைப்பிங்கா?"

ராஜகுருவுக்கு அந்த நாளின் உண்மையான கோபம் அப்போதுதான் வந்தது. காது மடல்வரை சிவந்தது. மேசையிலிருந்த ரிமோட்டை எடுத்து, இந்த முறை எதையும் யோசிக்காமல், சுவரில் எறிந்தார்.

"டப்பிங்யா! முதல்ல டிவியை அணைச்சுட்டுக் கேளுய்யா! டப்... பிங்!"